ஒன்றுமில்லாத தண்ணீரில் திருநீறு

என்ன வேலை செய்கிறாய் என்று கனடாவில் இருக்கும் என் மச்சான் கேட்கும்போதெல்லாம் போத்தல் கழுவுகிறேன் என்று சொல்வேன். அவர் உடனே குரலைத் தாழ்த்திவிடுவார். முப்பது வருடம் சுவிஸில் இருந்தும் இவன் இன்னும் ரெஸ்டோரன்ட் கிச்சினில்தான் நிற்கிறான் என்று அவருக்குக் கவலை. நான் கழுவும் போத்தலில் ஒருவரும் ஒன்றும் குடித்ததில்லை என்று விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை வருவதில்லை. இங்கே எழுதினால் ஒருவேளை அவரும் வாசிப்பார்.

ஷ்லீரன் என்ற ஊரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. கீழே அச்சகம், நடுவில் உடற்பயிற்சிக் கூடம், மூன்றாம் மாடியில் எங்கள் ஆய்வுகூடம். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெளி அறை ஒன்று, அதற்குள்ளே காற்றை வடிகட்டி விடும் உள் அறை ஒன்று, அளக்கும் மெஷின் நிற்கும் மூலை, நான் நிற்கும் கழுவும் மூலை, அவ்வளவுதான். ஆட்களும் மூன்று பேர். ஆய்வுகூடத்துக்குச் சொந்தக்காரியான கெமிஸ்ட், மெஷினைப் பார்க்கும் லுட்சேர்ன் பக்கத்துப் பெண், நான்.

கெமிஸ்ட் ஜெர்மனியில் பிறந்தவர். எண்பது தாண்டிய மனிசி. நாங்கள் அவரை ஃப்ராவ் டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய இடத்தில் இருந்து பென்ஷன் எடுத்த பிறகும் வீட்டில் இருக்க முடியாமல் இந்த இரண்டு அறையைப் பிடித்து வைத்திருந்தார். அவர் பேசுவது படித்தவர்கள் பேசும் சுத்தமான ஜெர்மன். எனக்கு வந்தது கிச்சினில் பொறுக்கிய சுவிஸ் ஜெர்மன். நடுவில் ஒரு மாதிரிச் சமாளித்தோம். அவர் பேசியதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், என் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. தமிழ் தெரிந்திருந்தால் அவர் என்னை ‘நீர்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் போத்தலை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவர் எனக்குக் காட்டித்தந்தபோது இந்த மனிசிக்குத் தலையில் ஏதோ வருத்தம் என்றே நினைத்தேன். சவர்க்காரத்தில் ஒருமுறை. அமிலத்தில் ஒரு கிழமை, முழு ஏழு நாள், ஊற வேண்டும். வேறு அமிலத்தில் இன்னொரு கிழமை. பிறகு வடித்து வடித்து எடுத்த தண்ணீரில் ஏழு தரம் அலச வேண்டும். உலர்ந்ததும் ஒரு பைக்குள், அதை இன்னொரு பைக்குள், அதையும் மூன்றாம் பைக்குள் போட்டு மூட வேண்டும். எல்லாம் கையுறையோடு. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனிசி அடுப்பிலிருந்து திரும்பாமலே, குடித்த தேத்தண்ணிக் கோப்பையைச் சிங்கில் வைக்கத் தெரியாத மனிசனுக்கு அந்தக் கடவுளே பார்த்து ஒரு வேலை கொடுத்திருக்கிறார் என்றாள்.

அந்தப் போத்தலில் என்ன ஊற்றுவார்கள்? பாதிப் போத்தலில் ஒன்றுமில்லாத தண்ணீர். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரை ஊற்றி, மெஷினில் வைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று முதலில் காட்ட வேண்டும். அது சரிவந்தால்தான் மற்றப் போத்தலில் உள்ள உண்மையான சாமானை அளக்கலாம். ஒன்றுமில்லாத தண்ணீரிலேயே ஏதாவது தெரிந்தால் எங்கள் கை ஊத்தை, எங்கள் காற்று, எங்கள் போத்தல் பழுது என்று அர்த்தம்.

ஃப்ராவ் டொக்டரின் பெயர் உலகத்தில் எழும்பியதே இதனால்தான். லுட்சேர்ன் பெண் ஒருநாள் கோப்பி குடிக்கும்போது எனக்குச் சொன்னாள். மலை உச்சியில் கெட்டியான பழைய பனியை வெட்டி எடுத்து, அந்தக் காலத்துக் காற்றில் என்னென்ன இருந்தது என்று பல நாட்டுப் பெரிய ஆட்கள் அளந்து எழுதியிருந்தார்களாம். இவர் இளம் பெண்ணாக எழும்பி நின்று, நீங்கள் அளந்தது பனியை அல்ல, உங்கள் சட்டைப்பையை என்று சொல்லிப்போட்டார். ஒரு மண்டபம் நிறைய ஆம்பிளைகள். பத்து வருடம் ஒருவரும் இவரோடு ஒழுங்காகக் கதைக்கவில்லையாம். பிறகு இவர் சொன்னதுதான் சரி என்று வந்தது. இன்றைக்கு எங்கே யார் பனியை அளந்தாலும் இவர் வகுத்த முறைப்படிதான் போத்தல் கழுவுகிறார்கள். ஆகவே மச்சான், உலகத்திலேயே முதலாம் தரமான ஒரு போத்தல் கழுவலைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கும் அவருக்கும் பகிடி தொடங்கியது என் நெற்றியில். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, திருநீற்றால் மூன்று குறி பூசாமல் நான் வீட்டுப் படி இறங்கியதில்லை. கிச்சினில் நின்ற காலத்திலும் அப்படித்தான். முதல் நாள் அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். சாம்பல் என்றேன். என்னத்தின் சாம்பல் என்றார். மாட்டுச் சாணம் என்றேன். நான் நினைத்தது முகத்தைச் சுளிப்பார் என்று. அவரோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை பாகை வெப்பத்தில் எரிப்பார்கள், காய்ந்த சாணமா ஈரமா, மாடு என்ன தின்னும் என்று அரை மணித்தியாலம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குச் சிவன் விட்ட வழி என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குக் கடவுள் இல்லை. அதை மறைக்கவும் மாட்டார்.

“நீர் ஒன்றுமில்லாத இடத்தில கடவுள் இருக்கிறார் எண்டுறீர்,” என்பார். “ஒன்றுமில்லாத இடத்தில ஒன்றுமில்லை எண்டு காட்ட நான் படுற பாடு உமக்குத் தெரியும்தானே?”

“நீங்கள் காட்டி முடிச்சவுடன சொல்லுங்கோ, ஃப்ராவ் டொக்டர்,” என்பேன் நான். “அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. உள் அறைக்கு நான் போவதில்லை. நெற்றியில் சாம்பலோடு கழுவும் மூலையில் நிற்பேன், அவர்கள் இருவரும் வெள்ளைப் பாதுகாப்புச் சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வருவார்கள். வருடக்கணக்காக ஒரு குறையும் வரவில்லை.

குளிர்ப்பெட்டிக்குள் ஒரு பனித்துண்டு இருந்தது. என் முழங்கை நீளம் வரும். அவர் மலையேறித் திரிந்த காலத்தில் ஒரு பனியாற்றின் உச்சிக்கு ஏறி, தானே துளையிட்டு எடுத்து, முதுகில் சுமந்துகொண்டு இறங்கியது. மற்றதெல்லாம் அளந்து முடிந்தது. இது ஒன்றுதான் மிச்சம். அந்த இடத்தில் இப்போது போனால் கிடைக்காது, மேல் பனி எல்லாம் உருகி ஊறிப் பழுதாகிவிட்டது. இந்தத் துண்டில் அவர் தேடியது என்ன தெரியுமோ? சாம்பல். பல நூறு வருடத்துக்கு முன் கீழே பள்ளத்தாக்குகளில் மனிதர் மூட்டிய நெருப்பின் சாம்பல் காற்றோடு போய்ப் பனியில் விழுந்திருக்கும், அது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முன்னைய மெஷின்களுக்கு அந்த நுட்பம் போதாது என்று நாற்பது வருடமாகக் காத்திருந்தார். இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனால் பனி ஒருமுறைதான் உருகும். பிழை விட்டால் விட்டதுதான். அதனால் இந்தப் புது மெஷினிலும் ஒன்றுமில்லாத தண்ணீர் தொடர்ந்து சுத்தமாக வரும்வரை அதைத் தொட மாட்டேன் என்று வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, கட்டடத்தை இடித்து வீடுகள் கட்டப்போகிறார்கள், மார்ச் முடிவுக்குள் வெளியேற வேண்டும் என்று கடிதம். மற்றது அவருடைய இடுப்பு. செப்டம்பரில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

எண்பது வயதில் ஆபரேஷன் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்போமோ? கோயிலில் ஒரு அர்ச்சனை செய்விக்கப் போகிறேன், பிறந்த நாளும் நேரமும் சொல்லுங்கள் என்று கேட்டேன். நாளைச் சொன்னார். நேரம் தெரியாது என்றார்.

“அம்மா என்னைப் பெத்தது நிலக்கீழ் அறையில. மேல குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் மணிக்கூட்டைப் பாக்கேல்லை.”

“என்ர மூத்தவளும் பங்கருக்குள்ளதான் பிறந்தவள்,” என்றேன். “ஆனால் எங்கட ஆக்கள் குண்டு விழுந்தாலும் மணி பாப்பினம். சாதகம் எழுத வேணுமே.”

அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சிரித்து முடித்து, உம்முடைய மகள் சுகமாக இருக்கிறாளா என்று கேட்டார். இரண்டு பிள்ளைக்குத் தாய் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்கள் கோயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஐயர் கைப்பேசியில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்து, அன்றைக்கு நாள் முழுக்கத் திருவாதிரைதான், நேரம் தேவையில்லை என்றார். சிவனுடைய நட்சத்திரம். ஜெர்மன் பெயரை ஐயர் மூன்று தரம் மூன்று விதமாகச் சொன்னார், எப்படியும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று விட்டேன். திருநீற்றைக் கோயில் கடுதாசியில் மடித்துக்கொண்டு வந்து ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் கையில் வைத்தேன். நட்சத்திரத்தையும் சொன்னேன்.

“அப்ப உம்முடைய கடவுளுக்கும் எனக்கும் ஒரே பிறந்தநாளோ?” என்றார். “அவருக்கு இப்ப எத்தனை வயது? இடுப்பு எப்பிடி?”

கடுதாசியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. கொடுக்க வேண்டியது என் கடமை, மற்றது அவருக்கும் சிவனுக்கும் இடையில் உள்ள பிரச்சினை.

நவம்பரில் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். வந்த கையோடு வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் கிழமையே ஒன்றுமில்லாத தண்ணீரில் சாம்பல் தெரிந்தது.

எல்லாப் போத்தலிலும் அல்ல. சிலதில் சுத்தம், சிலதில் சாம்பல். ஒழுங்கே இல்லை. லுட்சேர்ன் பெண் மெஷினைப் பிரித்துப் பூட்டினாள். பிறகு குளிர் தொடங்கியதால் அயலில் விறகு எரிக்கிறார்கள் என்று காற்று வடிகட்டியை மாற்றினார்கள். பிறகு கீழே அச்சகத்துக்காரர் வாசலில் புகைக்கிறார் என்று ஃப்ராவ் டொக்டர் ஊன்றுகோலோடு இறங்கிப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார். பாவம், அந்த மனிசன் அன்றிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்துபோய்ப் புகைத்தார். சாம்பல் குறையவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் லுட்சேர்ன் பெண் கோப்பியைக் குடித்துக்கொண்டு என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு ஃப்ராவ் டொக்டரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

ஃப்ராவ் டொக்டர் அதை எவ்வளவு மெதுவாகக் கேட்டார் என்பதை நான் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் பூசிக்கொண்டுதானே நிற்கிறீர், அப்போதெல்லாம் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார். பிறகு கேட்டார்.

“உம்முடைய கடவுளை ரெண்டு மாதத்துக்கு நெத்தியில இருந்து இறக்கி வைக்க ஏலுமோ?”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரயிலில் வரும்போது கண்ணாடியில் என் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அகதியாக வந்து இறங்கி, முகாமில் வரிசையில் நின்ற நாளிலும் பூசியிருந்தேன். இன்டர்வியூவில் அதிகாரி கேட்டபோதும் பூசியிருந்தேன். ஒரு கிழவியின் பனிக்கட்டிக்காக இறக்குவதா? ஆனால் அந்தப் பனிக்கட்டியைப் பற்றியும் யோசித்தேன். நாற்பது வருடம் ஒருவர் ஒரு சாமானைக் காத்து வைத்திருந்து, அது என் நெற்றியால் பழுதானால் நான் எந்தக் கோயிலில் போய் நிற்பது?

மனிசிக்குச் சொன்னேன். அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“காலமை கும்பிட்டுப் பூசுங்கோ, வெளிக்கிடேக்க துடையுங்கோ, வந்து திருப்பிப் பூசுங்கோ,” என்றாள். “சிவன் என்ன, கோவிச்சுக்கொண்டு உங்கட பெர்மிட்டைப் பறிச்சுப்போடுவாரோ?”

அடுத்த நாளிலிருந்து வெறும் நெற்றியோடு போனேன். தைப்பூசம் அப்படிப் போனது. சிவராத்திரி அன்றும் அப்படியே வேலைக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, இது அவமரியாதை இல்லை, இது ஆராய்ச்சி என்று விளங்கப்படுத்தினேன். ரயிலில் எங்கள் ஆட்கள் கண்டு, வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராகிவிட்டாரோ என்று பின்னால் கதைத்ததாகவும் கேள்வி.

சாம்பல் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், நான் காரணம் இல்லையே. ஆனால் ஃப்ராவ் டொக்டரின் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும். மார்ச் பிறந்துவிட்டது. வெளி அறையில் பெட்டிகள் அடுக்கத் தொடங்கிவிட்டோம். ஒருநாள் அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அளக்கப்போவதில்லை, பிழையான எண்ணை எழுதிவைப்பதிலும் பார்க்க ஒன்றும் எழுதாமல் விடுவது நல்லது என்று லுட்சேர்ன் பெண்ணிடம் சொன்னார். பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது என் கெட்டித்தனம் அல்ல. கழுவுகிறவன் காண்பதை மற்றவர் காண்பதில்லை, அவ்வளவுதான்.

மெஷினில் சாம்பல் காட்டிய போத்தல்களுக்கு லுட்சேர்ன் பெண் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி என்னிடம் அனுப்புவாள், நான் அவற்றை இரண்டு மடங்கு ஊறப்போட வேண்டும். ஊறப்போட முன்னம் போத்தலில் எழுதிய இலக்கத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சிவராத்திரிக்கு அடுத்த நாள் அரைத் தூக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த துணி பச்சையாக இருந்தது. முழுக்கப் பச்சை. பொட்டு இல்லாத போத்தல்களைத் துடைத்தேன். துணி அநேகமாகக் கறுப்பு.

லுட்சேர்ன் பெண் எழுதுவது கறுப்புப் பேனையால், உள் அறையில் நூலில் கட்டித் தொங்கும் பேனை. பச்சையால் எழுதுவது ஒரே ஒரு ஆள், ஃப்ராவ் டொக்டர். அதற்கும் ஒரு கதை உண்டு. அவர் படித்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவர் ஒருவர்தான் பெண். பெண்களுக்கு மலசலகூடமே அந்தக் கட்டடத்தில் இல்லை, முற்றம் தாண்டி வேறு கட்டடத்துக்குப் போய் வர வேண்டும். போய் வருவதற்குள் கூடப் படித்தவர்கள் இவருடைய போத்தல்களை எடுத்துத் தங்களுடையது என்பார்களாம். அதனால் தன்னுடையதை எவரும் மறுக்க முடியாமல் பச்சை மையால் எழுதத் தொடங்கியவர், அறுபது வருடமாக மாற்றவில்லை. தான் நிரப்புகிற போத்தலில் தானே பச்சையால் எழுதுவார். மெஷின் பட்டியலில் இலக்கம் மட்டும்தான் இருக்கும், நிறம் இருக்காது.

இரண்டு கிழமை பார்த்தேன். சிவப்புப் பொட்டு என்றால் பச்சை. பச்சையால் எழுதிய எல்லாவற்றிலும் பொட்டு இல்லை, ஆனால் சிவப்புப் பொட்டு என்றால் எப்போதும் பச்சை.

எப்படிச் சொல்வது? உலகத்துக்கே உங்கள் சட்டைப்பையைத்தான் அளந்தீர்கள் என்று சொன்ன மனிசியிடம் போய், அம்மா ஊத்தை உங்களிடம் இருக்கிறது என்று போத்தல் கழுவுகிறவன் சொல்வதா? மூன்று நாள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நாலாம் நாள், உங்களுக்கு இடுப்பு வலி, இந்த முறை உங்கள் போத்தல்களுக்கு நான் இலக்கம் எழுதித் தரட்டுமோ என்று கேட்டேன்.

“உம்முடைய ஒன்றும் ஏழும் எனக்கு விளங்காது,” என்றார்.

வடிவாக எழுதுகிறேன் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கியது, இவர் பிடித்துவிட்டார். தன் பச்சைப் பேனையை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார். நான் புதுக் கறுப்புப் பேனையால் பத்துப் போத்தலில் எழுதினேன். அவர் நிரப்பினார். மத்தியானம் மெஷின் முடிந்தது. பத்தும் சுத்தம்.

லுட்சேர்ன் பெண் தாளை நீட்டினாள். ஃப்ராவ் டொக்டர் கதிரையில் இருந்தார். பழைய வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் வெளி அறையில் போட்டிருப்பார், உள்ளே போகும்போது மட்டும் அதன் மேல் மற்றச் சட்டையை மாட்டுவார். அந்தப் பழைய சட்டைப்பையில்தான் பச்சைப் பேனை குடியிருந்தது. அவர் இப்போது பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். இருமல் மாத்திரை. கைக்குட்டை. ரயில் டிக்கெட். கடைசியாக ஒரு கடுதாசி மடிப்பு. எங்கள் கோயில் பெயர் அச்சடித்த கடுதாசி. மடிப்பு தேய்ந்து மூலை கிழிந்து, மேசையில் வைக்கும்போதே திருநீறு கொஞ்சம் கொட்டியது. பேனையில் ஒட்டிக்கொண்டுதான் அது உள்ளே போய் வந்திருக்கிறது.

லுட்சேர்ன் பெண் கோப்பி போடப் போய்விட்டாள். சுவிஸ் ஆட்களுக்கு அந்த மரியாதை தெரியும்.

ஃப்ராவ் டொக்டரின் முகம் சிவந்து நான் கண்டது அன்று மட்டும்தான். இரண்டு மாதமாக வெறும் நெற்றியோடு நின்றது நான், சிவனைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தது இவர். எனக்கு வாய் சும்மா இருக்குமோ?

“ஃப்ராவ் டொக்டர், நான் வெளியில பூசினன். நீங்கள் கள்ளமாய் உள்ளுக்குள்ள வைச்சிருக்கிறியள்.”

“நான் நம்பி வைச்சிருக்கேல்லை,” என்றார் கடுமையாக. பிறகு அந்தக் கடுமை நிற்கவில்லை. “எனக்காக ஒருத்தர் ஒரு இடத்தில போய் நிண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்த சாமான். எறியிற சாமான்களுக்குள்ள அதைச் சேர்க்க எனக்கு ஏலாமல் போச்சுது.”

நான் குனிந்து மேசையில் கொட்டியதை விரலால் தொட்டெடுத்தேன். கீழே விழ விடக் கூடாது. வேறு போட இடமில்லை, நெற்றியில் பூசிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

மார்ச் கடைசிக் கிழமை அந்தத் துண்டை உருக்கினார்கள். அதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். திருநீற்றைப் புதுக் கடுதாசியில் மடித்து, சுத்தப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள், அதையும் மூன்றாம் பைக்குள் போட்டு, அவருடைய முறைப்படி மூடி, மேலே பச்சை மையால் ‘சாம்பல், சிவன்’ என்று எழுதினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திகதி போடவில்லை, திகதி இல்லாத மாதிரியை எந்த ஆய்வுகூடத்திலும் ஏற்க மாட்டார்கள் என்றார். திகதி போட்டேன்.

உள்ளே போகும் நேரம் வந்தது. பழைய சட்டையைக் கழற்றிக் கொளுவினார். பையை எடுத்து என் கையில் தந்தார்.

“இதை வைச்சிரும். வெளியில வந்தவுடன எனக்குத் திருப்பித் தர வேணும்.”

நான் நெற்றி நிறையத் திருநீற்றோடு கதவுக்கு வெளியே கதிரை போட்டு, மடியில் அந்தப் பையோடு இருந்தேன். கண்ணாடி ஊடாகப் பார்க்கலாம். ஒன்றுமில்லாத தண்ணீரை முதலில் வைத்தார்கள். ஒன்றுமில்லை. அதைப் பார்த்து அவர் தலையாட்டிய சந்தோஷத்தை, பிள்ளை பிறந்த வீட்டில்தான் கண்டிருக்கிறேன். பிறகு பனி. நான் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், வாய்க்குள்தான், காற்றுப் பழுதாகாமல்.

பின்னேரம் வெளியே வந்தார். பனியில் சாம்பல் இருந்தது. மிகக் கொஞ்சம், ஆனால் ஐயமில்லாமல் இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன் கீழே ஆட்கள் காடு வெட்டி எரித்திருக்கிறார்கள், அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், அதுதான் என்றார். பிறகு கையை நீட்டினார். நான் பையைக் கொடுத்தேன். மூன்று மூடியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார்.

அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை என் இளைய மகள் வாசித்துச் சொன்னாள். முன்னைய அளவுகள் பழுதானதற்குக் காரணம் ஆய்வாளரின் சட்டைப்பை என்று அவரே எழுதியிருக்கிறாராம். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் போத்தல்களைக் கழுவும் பொறுப்பாளர் என்றும் ஒரு வரி இருக்கிறது. பையில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. அதைக் கேட்க நான் தொலைபேசி எடுத்தேன்.

“அது ஆய்வுக்கு வெளியில உள்ள விஷயம்,” என்றார். “உம்முடைய ஐயரிட்டச் சொல்லும், இடுப்பு இப்ப நல்லம்.”